பெட்டியில் அச்சிட்ட எண்ணும் வீட்டில் வைக்கும் திரையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவன், வடகரை

நம் இயற்பியல் ஆய்வகத்தில் பச்சைக் கோடு ஒன்று அலை அலையாய் ஓடும் சி.ஆர்.ஓ. கருவியை மாணவ நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். செய்முறைத் தேர்வு நாளில் மட்டும் நாம் தேடிப் போகும் அக்கருவிதான் விளையாட்டுத் திரைகளுக்கெல்லாம் மூத்த திரைகளுள் ஒன்று என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலாளர், ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பொதுமக்கள் சலித்துப் போகிறார்களே என எண்ணி, 5 அங்குல வட்டத் திரையில் டென்னிஸ் பந்து ஒன்றைத் துள்ள விட்டார். அதை ஆடிப் பார்க்க மக்கள் வரிசையில் காத்து நின்றனர். மறு ஆண்டே இன்னும் பெரிய திரை ஒன்றை அதற்கு மாட்டினார்கள். ஆக, "இதைவிடப் பெரிய திரை வேண்டும்" என்னும் ஆசை அந்த விளையாட்டுக்கு ஒரு வயது நிரம்பும்போதே பிறந்துவிட்டது எனலாம்.

அந்த ஆசை இன்று நம் கல்லூரி வேப்ப மரத்தடிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. "மானிட்டர் வாங்கப் போகிறேன், கேம் ஆட எது நல்லது?" என்று கேட்கும் நண்பர்கள் பெருகிவிட்டார்கள். "மானிட்டர் இருக்கட்டும், முதலில் பாடத்தைப் படியுங்கள்" என்று நம் பேராசிரியப் பெருமக்கள் புன்னகைக்கக் கூடும். படிக்கத்தான் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆயினும் கணினி விளையாட்டு வீணர் வேலை என்ற பேச்சுக்கு இன்று மதிப்பில்லை. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது காட்சிப் போட்டியாக நுழைந்தது. இந்தியாவின் தீர்த் மேத்தா 'ஹார்த்ஸ்டோன்' என்னும் ஆட்டத்தில் வெண்கலம் வென்றார். 2023இல் ஹாங்சௌ நகரில் அது பதக்கப் போட்டியாகவே உயர்ந்தது. பணம் கட்டி ஆடும் சூதாட்டச் செயலிகளை நான் விளையாட்டில் சேர்க்கவில்லை. அவற்றுக்குத் தமிழ்நாடு 2022இலேயே சட்டம் செய்தது. நாடாளுமன்றமும் 2025இல் தடைச் சட்டம் இயற்றியது. அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

நம் ஊர்ப்பக்கத்துக் கதைக்கு வருவோம். நம்மில் பலருக்கு முதல் விளையாட்டுத் திரை எது தெரியுமா? 2006இல் தொடங்கிய திட்டத்தில் அரசு வீடுதோறும் வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிதான். ஊர்த் திருவிழாக் கடையில் வாங்கிய டி.வி. கேம் பெட்டியின் மஞ்சள், வெள்ளைப் பின்களை அதில் செருகி, மேரியோவும் காண்ட்ராவும் ஆடாத தெரு வடகரையில் உண்டா? அந்தப் பெட்டியோடு ஒரு நெகிழித் துப்பாக்கியும் வரும். பறக்கும் வாத்தைக் குறிபார்த்துச் சுட்டால் வாத்து விழும். இன்று அதே பெட்டியையும் அதே துப்பாக்கியையும் புத்தம் புதிய தட்டைத் திரையில் மாட்டிச் சுட்டுப் பாருங்கள். ஒரு வாத்துகூட விழாது!

காரணம் எளிது. அந்தத் துப்பாக்கியிலிருந்து ஒன்றும் வெளியே பாய்வதில்லை. அதன் குழலுக்குள் ஒளியை உணரும் கண் ஒன்று இருக்கிறது. விசையை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த மின்னலைத் துப்பாக்கியின் கண் பார்த்துவிட்டால் குறி தப்பவில்லை என்று பொருள். பிக்சர் டியூப் திரையில் மின்னணுக் கற்றை வந்து மோதிய அந்த நொடியிலேயே ஒளி பிறக்கும். தட்டைத் திரையோ, வந்த படத்தை வாங்கி, உள்ளே ஆராய்ந்து, பிறகே காட்டும். அதற்குள் துப்பாக்கியின் கண் மூடிவிடுகிறது. நான் சொல்ல வந்த செய்தி முழுவதும் இந்த வாத்துக் கதைக்குள் அடங்கியிருக்கிறது. திரை தனியாக வேலை செய்வதில்லை. படம் அனுப்பும் இயந்திரமும் பார்க்கும் கண்ணும் அதனோடு ஒத்துப் போக வேண்டும். கடையில் இதை எவரும் சொல்வதில்லை. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

தட்டைத் திரைக்குள் இருக்கும் திரவப் படிகத்தைப் பற்றி இயற்பியல் மாணவன் என்ற உரிமையில் இரண்டு வரி சொல்லிக்கொள்கிறேன். 1888இல் பிராக் நகரில் ரெய்னிட்சர் என்னும் தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த பொருள் ஒன்றைச் சூடாக்கியபோது, அது 145.5 டிகிரியில் கலங்கலாக உருகி, 178.5 டிகிரியில்தான் தெளிவதைக் கண்டார். இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். அதே 1888ஆம் ஆண்டில்தான் திருச்சிராப்பள்ளியில் சர் சி.வி. ராமன் பிறந்தார். பெங்களூரில் அவர் நிறுவிய ஆய்வுக்கழகத்தில், அவருடைய சகோதரியின் மகனான எஸ். சந்திரசேகர் 1977இல் வட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் அமையும் என்று உலகுக்கு முதன்முதலாகக் காட்டினார். (நோபல் பரிசு பெற்ற வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் வேறு, இருவரும் ஒரே குடும்பத்தினர்.) 1990களில் ஜப்பானின் பியூஜி நிறுவனம் இவ்வகை வட்டு மூலக்கூறுகளைக் கொண்டு மெல்லிய படலம் செய்தது. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் வெளுத்துப் போகாமல் காக்க அது உதவியது. ஆகவே தட்டைத் திரையை அந்நியர் சரக்கு என்று மட்டும் எண்ண வேண்டாம். பெங்களூர் ஆய்வகம் ஒன்றின் வழித்தடமும் அதில் இருக்கிறது.

சென்ற ஆண்டு மானிட்டர் வாங்குவதற்காகக் கடைகள் ஏறி இறங்கினேன். பெயர் வேண்டாம், ஒரு கடையில் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எத்தனை ஹெர்ட்ஸ் வேணும்? 144ஆ, 180ஆ, 240ஆ?" என்பதுதான். எந்தக் கணினியில் மாட்டப் போகிறாய், எந்த ஆட்டம் ஆடுவாய், எந்த அறையில் வைப்பாய் என்ற கேள்விகள் வரவே இல்லை. மாட்டு வியாபாரத்தில்கூட உழவுக்கா, வண்டிக்கா என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்கள்.

ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் திரை எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்னும் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி நொடி நிற்கும். 120 ஹெர்ட்ஸில் 8.3; 240 ஹெர்ட்ஸில் 4.2. இங்கேதான் வியாபாரக் கணக்கும் நம் கணக்கும் வேறுபடுகின்றன. 60இலிருந்து 120க்கு ஏறினால் மிச்சமாவது 8.3 மில்லி நொடி. 120இலிருந்து 240க்கு ஏறினால் 4.2தான். அதற்கும் மேலே 480க்குப் போனால் 2.1. எண் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது. பயனோ பாதியாகிக்கொண்டே வருகிறது. விலை மட்டும் பாதியாவதில்லை.

இந்த மில்லி நொடிகள் நமக்கு உண்மையில் எவ்வளவு? நம் ஆய்வகத்திலேயே சோதிக்கலாம். நண்பர் ஒருவர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் விடட்டும். அதன் கீழ் முனையருகே விரல் வைத்திருக்கும் நீங்கள் அதைப் பிடியுங்கள். 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தீர்கள் என்றால், முதலாண்டில் படித்த ½gt² வாய்பாட்டின்படி உங்கள் கண்ணும் மூளையும் விரலும் சேர்ந்து எடுத்துக்கொண்ட காலம் 0.2 நொடி, அதாவது 200 மில்லி நொடி. இந்த 200இல் திரை மிச்சப்படுத்தித் தரும் 4 எங்கே போய் ஒட்டும்?

எனினும் எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எதிராளிக்கும் அதே 200தான் என்பதால், சமபலம் உள்ள இருவரில் எட்டு மில்லி நொடி முந்துபவன் ஓரிரு ஆட்டங்களில் வெல்லத்தான் செய்வான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு, அது தெளிவு. திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, 1920 புள்ளிகளை, ஓர் உருவம் ஒரு நொடியில் ஓடிக் கடக்கிறது என்று கொள்வோம். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது படத்துக்குப் படம் 32 புள்ளி தாவுகிறது. நம் கண்ணோ தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டு பின்தொடர்கிறது. படம் அசையாமல் நிற்க, கண் நகர, அந்த 32 புள்ளி அகலத்துக்கு உருவம் தீற்றலாகத் தெரிகிறது. 120 ஹெர்ட்ஸில் தீற்றல் 16 புள்ளி, 240இல் 8. பிக்சர் டியூப்பில் ஒவ்வொரு புள்ளியும் மின்னி மறைந்துவிடுவதால் இந்தத் தீற்றல் அதிகம் இல்லை. பழைய திரையில் ஆடியவர்கள் "அது ஓர் அழகு" என்று சொல்வது வெறும் பழம்பெருமை அன்று. அதில் இயற்பியல் இருக்கிறது. ஆகவே 60க்கு மேல் ஏறுவது நியாயம். 100, 120, 144 வரை ஏறுவதைக் கண் உடனே உணரும். அதற்கு மேலே ஏறுவது போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு உரியது என்பதே என் கருத்து.

அந்த ஏற்றத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கலாம். கணினி 144 படங்களை வரைந்து அனுப்ப வேண்டுமே! நம்மில் பலரிடம் இருப்பது 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வீட்டில் எவருக்கோ கிடைத்த இயந்திரம். எங்கள் வீட்டில் அது அக்காவுக்குக் கிடைத்தது. அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். மடிக்கணினி என்னோடு கல்லூரிக்கு வந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அத்தகைய இயந்திரம், புதிய பெரிய ஆட்டங்களில் நொடிக்கு 30 படம் தருவதே பெரும்பாடு. அதற்கு 240 ஹெர்ட்ஸ் திரை வாங்குவது, சீசன் முடிந்து பாறை காய்ந்து கிடக்கும் நாளில் அண்டாவைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் பேரருவிக்குப் போவதைப் போன்றது. அண்டா பெரிதுதான், விழுவது சொட்டுதானே! திரை வாங்கும்முன், ஆடப்போகும் ஆட்டத்தை உங்கள் கணினியில் ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று பாருங்கள். பல ஆட்டங்களின் அமைப்பிலேயே அந்த எண்ணைக் காட்டும் வசதி உண்டு. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வலுக்குறைந்த கணினி வைத்திருப்போருக்கு ஹெர்ட்ஸை விடப் பயனுள்ள ஒரு வசதியைக் குறிப்பிட விரும்புகிறேன். கணினி படங்களைச் சீராக அனுப்புவதில்லை. ஒரு கணம் 70, மறுகணம் 52 என்று தள்ளாடும். திரை தன் போக்கில் புதுப்பித்துக்கொண்டே இருந்தால், மேல்பாதியில் ஒரு படமும் கீழ்பாதியில் அடுத்த படமுமாகக் கிழிந்தாற்போலத் தெரியும். கணினியின் நடைக்கு ஏற்பத் திரை தன் நடையை மாற்றிக்கொள்ளும் உத்தியை 2013இல் என்விடியா நிறுவனம் 'ஜி-சிங்க்' என்றும், 2015இல் ஏ.எம்.டி. நிறுவனம் 'பிரீசிங்க்' என்றும் கொண்டு வந்தன. இன்று விலை மலிந்த மானிட்டர்களிலும் இது வந்துவிட்டது. கணினியும் இதற்கு இடம்கொடுக்கும் வகையாக இருக்க வேண்டும். பழைய மடிக்கணினி பல இடம்கொடாது. ஆனால் மானிட்டர் எட்டாண்டு, பத்தாண்டு உழைக்கும். கணினி அதற்கு முன்பே மாறிவிடும். அடுத்து வரப்போகும் கணினியையும் மனத்தில் வைத்து இந்த வசதியைக் கேட்டு வாங்குவது அறிவுடைமை.

பெட்டியின்மேல் இருக்கும் மற்ற எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். '1 மில்லி நொடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாறும் நேரம் ஒரு கணக்கு. பின்விளக்கை விட்டு விட்டு எரித்துத் தீற்றலைக் குறைத்துப் பெறும் நேரம் வேறொரு கணக்கு. இரண்டாவது கணக்கில் 1 வருவது சுலபம். ஆனால் அப்போது திரை மங்கும், சிலருக்குக் கண் கூசும். எந்தக் கணக்கு என்பது சிறிய எழுத்தில் எங்கோ ஒளிந்திருக்கும். 'ஒளிமாறுபாடு பத்து லட்சத்துக்கு ஒன்று' என்பதும் அவ்வாறே. பின்விளக்கைக் கூட்டிக் குறைத்துக் காட்டும் வித்தை அது. உண்மையில் ஐ.பி.எஸ். வகைத் திரைக்கு ஆயிரத்துக்கு ஒன்று, வி.ஏ. வகைக்கு மூவாயிரத்துக்கு ஒன்று என்பது பொதுவான அளவு. 'எச்.டி.ஆர். உண்டு' என்னும் சொல்லுக்கு மயங்குவோர் ஏராளம். அந்தக் குறிப்பு ஏற்றிய படத்தைத் திரை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கலாம். அதற்கு வேண்டிய வெளிச்சம் மலிவுத் திரைகளில் கிடையாது. காசில்லாதவன் கையில் பெரிய பணப்பை இருப்பதைப் போல.

அளவைப் பற்றிப் பேசும்போது, எந்த விளம்பரமும் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். தமிழ் படிப்பவனுக்கும் ஆங்கிலம் மட்டும் படிப்பவனுக்கும் திரையின் தேவை ஒன்றன்று. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தை 24 அங்குலத் திரையில் விரித்தால் ஓர் அங்குலத்துக்கு சுமார் 92 புள்ளிகள் விழும். அதே படத்தை 27 அங்குலத்தில் விரித்தால் 82 ஆகக் குறையும். ஆங்கிலத்தின் நேர்கோட்டு எழுத்துகளுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. நம் 'ணை'யையும் 'ஞா'வையும் 'ழு'வையும் எண்ணிப் பாருங்கள். வளைவுக்குள் வளைவு, சுழிக்குள் சுழி, மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி. பெரிய திரையில் குறைந்த புள்ளிகளைத் தூவினால், சிறிய எழுத்தில் அந்தப் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுழி அடைந்து போகும். ஆட்டத்தில் ஓடுகிற உருவத்துக்கு இது பொருட்டில்லை. அதே திரையில்தானே நாம் தமிழ்த் தாளுக்கும் படிக்கிறோம், போட்டித் தேர்வுக்கும் படிக்கிறோம்! 27 அங்குலம்தான் வேண்டும் என்றால் 2560-க்கு 1440 புள்ளித் திரை வாங்க வேண்டும். அங்குலத்துக்கு 109 புள்ளி கிடைக்கும், எழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். ஆனால் புள்ளிகளின் தொகை 20,73,600 இலிருந்து 36,86,400 ஆக ஏறிவிடும். கணினி ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் பங்கு வேலை செய்தாக வேண்டும். 4கே திரையில் 82,94,400 புள்ளி. சரியாக நான்கு மடங்கு. மீண்டும் அண்டா, மீண்டும் அருவி. ஆதலால் நம் போன்றோருக்கு 24 அங்குலமே ஏற்றது என்று துணிந்து சொல்வேன்.

வகைகளுள் ஐ.பி.எஸ். திரையையே நான் பரிந்துரைக்கிறேன். வி.ஏ. திரையில் கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் மலிவான வி.ஏ. திரைகளில் இருட்டுக் காட்சியில் ஓடும் உருவம் கரிக்கோடு இழுத்தாற்போல மசங்கும். ஓ.எல்.இ.டி. திரையின் அழகுக்கு ஈடில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். அதன் விலைக்கு எங்கள் தெருவில் ஒரு கறவை மாடு வாங்கலாம். அதோடு, அசையாத படத்தை ஆண்டுக்கணக்கில் காட்டினால் அதன் தடம் திரையில் தங்கிவிடும் அபாயமும் அதற்கு உண்டு. ஐ.பி.எஸ். திரையைப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஒரு மானிட்டரை ஒருவரே பார்க்கும் வீடுகளுக்கு இது பெரிய வசதியாகத் தோன்றாமல் இருக்கலாம். நான் நடுவில் உட்கார்ந்து ஆட, தம்பி ஒரு பக்கமும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் மறு பக்கமும் நின்று, "அண்ணே, பின்னால வாரான் பாருங்க!" என்று கத்தும் வீட்டில் இது மிகவும் தேவை.

திரையின் தாங்கியை எவரும் கவனிப்பதில்லை. மலிவு மானிட்டர்கள் முன்னும் பின்னும் சாயும். மேலும் கீழும் நகரா. திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுத் தாழ்ந்து இருந்தால்தான் கழுத்து நோகாது. பழைய பாடப்புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஏற்றி வைக்கலாம் (வேதியியல் துணைப்பாட நூலின் தடிமன் இதற்கு மிகவும் பொருத்தம்). தெருக்கதவுக்கு எதிரே வைத்தால் வாசல் வெளிச்சம் முழுவதும் திரையில் விழும். சாரல் காலத்தில் ஈரம் ஊறும் மேற்குச் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தொலைவில் உள்ள எதையாவது இருபது நொடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். இந்த ஒன்றில் வடகரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மொட்டை மாடிக்கு ஏறினால் மேக்கரை மலை முழுவதும் கண்முன் நிற்கிறது. அடவிநயினார் அணைப்பக்கம் மேகம் இறங்குவதை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இனி விலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா சுற்றும் பீடிக் கட்டை எண்ணித்தான் எங்கள் வீட்டுச் செலவு நடக்கிறது. நான் வாங்கிய 24 அங்குல, 100 ஹெர்ட்ஸ் ஐ.பி.எஸ். மானிட்டரின் விலை ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு வந்த மாதம் ஆயிரம் ரூபாயில் ஒன்பது மாதத் தொகை அது. அதில் நூற்றுக்குப் பதினெட்டு வரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 1,373 ரூபாய். அரசு ஒரு கையால் கொடுத்ததில் ஒன்றேகால் மாதத்துக்கும் மேலானதை மறு கையால் வாங்கிக்கொண்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மின்சாரத்தைப் பற்றி அம்மாவுக்கு ஓர் அச்சம் இருந்தது. இத்தகைய திரை 25 வாட்டுக்குள் அடங்கிவிடும். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்தில் 6 யூனிட்தான் என்று எழுதிக் காட்டினேன். பழைய பிக்சர் டியூப் பெட்டி இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு தின்னும்.

"ஒரே தடவை வாங்குகிறோம், பெரிதாக வாங்கிவிடலாமே, மாதத் தவணைதானே" என்பார் என் நண்பர் ஒருவர். இந்தத் 'தானே' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. தவணை கட்டப் போவது இன்னும் வேலைக்குப் போகாத நாமா? கட்டப் போவது வீடு. ஒன்பதாயிரத்துக்கும் இருபத்தைந்தாயிரத்துக்கும் இடையே உள்ள பதினாறாயிரத்தில் வாங்கிவிட்டு வந்தது 100க்கும் 240க்கும் இடையே உள்ள சுமார் ஆறு மில்லி நொடி என்றால், ஒரு மில்லி நொடி என்ன விலை என்று வகுத்துப் பார்க்கட்டும். அதே பணத்தைக் கணினியின் நினைவகத்திலோ கிராபிக்ஸ் கார்டிலோ போட்டால் ஆட்டமும் சீராகும், மற்ற வேலையும் விரைவாகும். நல்ல நாற்காலி ஒன்று வாங்கினாலும் குற்றமில்லை. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் 240 வாங்குவதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆடிப் பார்த்தேன், அருமையாகத்தான் இருக்கிறது. அது இல்லாதவன் ஆடவே தகுதியற்றவன் என்னும் பேச்சுக்குத்தான் மறுப்புச் சொல்கிறேன்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாக்களிடம் "அங்கேயிருந்து ஒரு மானிட்டர்" என்று சொல்லி அனுப்பும் வழக்கமும் நம் பக்கம் இருக்கிறது. விலை சில வேளை குறையும். ஆனால் அங்கே தந்த உத்தரவாதத்தைப் பெரும்பாலும் இங்கே ஏற்க மாட்டார்கள். பிளக்கும் அங்கத்திய சதுர முள்ளாக இருக்கும். இங்கே ரசீதோடு வாங்கினால் மூன்றாண்டு உத்தரவாதம் தரும் மானிட்டர்கள் பல உண்டு. ரசீது வேண்டாமென்றால் விலையைக் குறைக்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். கடையிலேயே மாட்டச் சொல்லி, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து நிறப் படங்களைத் திரை நிறைய ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். செத்த புள்ளி இருந்தால் வெள்ளையில் தெரியும்; ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் கறுப்பில் தெரியும். அண்ணாச்சி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கைப்பேசியில் மட்டும் ஆடும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றின் துளை வழியே படம் வெளியே வராது. மின்னேற்றம் மட்டுமே நடக்கும். அதை உறுதி செய்துகொள்ளாமல் மானிட்டர் வாங்கினால் அது சுவர் அலங்காரம்தான். மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. துளையும் பழைய 1.4 வகையாக இருந்தால், 1080 வரித் திரைக்கு 120 ஹெர்ட்ஸ் வரை அனுப்பும். 4கே திரைக்கு 30க்கு மேல் அனுப்பாது.

கடைசியாக ஒன்று. புதிய மானிட்டரை மாட்டியதும் கணினி பல சமயம் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடத் தொடங்கும். திரை அமைப்புகளுக்குள் போய் நாமேதான் மாற்ற வேண்டும். மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. "பெருசா ஒன்னும் வித்தியாசம் தெரியலையேடே" என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அமைப்பைத் திறந்து பார்த்தால் 60 என்று இருந்தது. 144க்கு மாற்றிக் கொடுத்தேன். அவர் மவுஸைப் பிடித்து, அம்புக்குறியை வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் ஒரு சுற்று. பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு.

"அஞ்சு மாசமா இது எங்கலே கெடந்துது?" என்றார்.